தென்னாப்பிரிக்காவில் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு உதவி: எங்கே கிடைக்கும், எப்படி எழுதிக் கேட்பது

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தருமா? தருகிறது. ஆனால் பெற்றோர் கையில் தருவதில்லை, பள்ளியின் கணக்கில் போடுகிறது. இது தெரியாமல் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பாதிக் கட்டணம் அரசிடமிருந்து வரும் என்று நம்பி, ஆண்டு முடிவில் கடனோடு நிற்கும் குடும்பங்கள் உண்டு. அதே நேரம், கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் நேரடியாகக் கேட்டுப் பெறக்கூடிய கட்டண விலக்கு சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்காமலேயே வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டு வழியையும் விளக்குகிறது. எது யாருக்குப் பொருந்தும், என்ன தாள் வேண்டும், எங்கே தடுக்கும் என்பதையும் சொல்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. இங்கே அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கோ வேறு வியப்பு காத்திருக்கிறது. இங்கே அரசுப் பள்ளியே கட்டணம் வாங்கலாம்.

முதலில் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்

பள்ளிகள் மூன்று வகை. கட்டணமில்லா அரசுப் பள்ளி, கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி. தனியார் பள்ளியை அலுவலகங்களில் ‘இண்டிபெண்டன்ட் ஸ்கூல்’ என்பார்கள்.

அரசுப் பள்ளிகளை ஒன்று முதல் ஐந்து வரை ‘குவின்டைல்’ என்ற படிகளில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் படிப் பள்ளிகள் கட்டணமில்லாதவை. இந்த ஏற்பாடு 2007இல் தொடங்கியது. நான்காம், ஐந்தாம் படிப் பள்ளிகள் கட்டணம் வாங்கலாம். இந்தப் படியை உங்கள் வீட்டு வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, எழுத்தறிவு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் போன்ற இடங்களில் வீட்டில் வேலை இல்லாதவர்களின் பிள்ளைகளும் நான்காம், ஐந்தாம் படிப் பள்ளியில் படித்துக் கட்டணச் சீட்டு வாங்குகிறார்கள். ஊரின் சராசரி ஒன்று சொல்லும், குடும்பத்தின் நிலை வேறாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் கட்டண விலக்கு இருக்கிறது.

பள்ளி அலுவலகத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். இது அரசுப் பள்ளியா, இண்டிபெண்டன்ட் பள்ளியா? அரசுப் பள்ளியென்றால் எந்தக் குவின்டைல்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மேலே எதையும் செய்ய முடியும்.

தனியார் பள்ளி: பணம் எப்படி வருகிறது

அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தனியார் பள்ளிகளைச் சொந்தச் செலவில் நடத்தலாம் என்கிறது. அவற்றுக்கு அரசு மானியம் தருவதையும் அது தடுக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தில் 48ஆம் பிரிவு மானியத்துக்கு வழி செய்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பள்ளி நிதியளிப்புக்கான தேசிய விதிமுறைகள் சொல்கின்றன.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு மாநிலம் தன் அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு செலவிடுகிறதோ அதுதான் அளவுகோல். தனியார் பள்ளியின் கட்டணம் அந்தச் சராசரியில் பாதிக்குள் இருந்தால், மாணவர் ஒருவருக்கு அந்தச் சராசரியில் 60 சதவீதம் மானியம். பாதிக்கு மேல் ஒரு மடங்கு வரை என்றால் 40 சதவீதம். ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை 25. ஒன்றரையிலிருந்து இரண்டரை மடங்கு வரை 15. இரண்டரை மடங்கைத் தாண்டினால் எதுவும் கிடையாது.

இங்கே பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று. அறுபது சதவீதம் என்பது உங்கள் கட்டணத்தில் அறுபது அல்ல, அரசின் சராசரிச் செலவில் அறுபது. கணக்குக்காக அந்தச் சராசரி 20,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 9,900 ராண்டாக உள்ள பள்ளிக்கு மாணவர் ஒருவருக்கு 12,000 ராண்ட் வரும். அதே பள்ளி கட்டணத்தை 10,200 ஆக்கினால் அடுத்த மானியப் படிக்குப் போய்விடும். மானியம் 8,000 ஆகிவிடும். 300 ராண்ட் கூட வாங்கப்போய் 4,000 ராண்டை இழக்கும். குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகள் சில ஆண்டுகள் கட்டணத்தை அப்படியே வைத்திருந்து, பிறகு ஒரேயடியாகப் பெரிதாக உயர்த்துவதற்கு இது ஒரு காரணம். படியைத் தாண்டுவதென்று முடிவு செய்த பள்ளி, இழக்கும் மானியத்தையும் பெற்றோரிடமிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். சேர்க்கும்போது கட்டணம் குறைவாகத் தெரிந்தாலும், அது எந்தப் படியின் விளிம்பில் இருக்கிறது என்று கேட்டு வைப்பது நல்லது.

எல்லாத் தனியார் பள்ளிக்கும் மானியம் இல்லை. பள்ளி மாநிலக் கல்வித் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். ஒரு முழுப் பள்ளி ஆண்டு நடந்திருக்க வேண்டும். லாப நோக்கில் நடத்தக்கூடாது. மேட்ரிக் எனப்படும் 12ஆம் வகுப்பு இருந்தால் தேர்ச்சி 50 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 11, 12ஆம் வகுப்புகளில் மறுபடி அதே வகுப்பில் படிப்பவர்கள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே இடம் காலியாக இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போட்டியாகத் தொடங்கிய பள்ளியாகவும் இருக்கக்கூடாது. கட்டடம் புதிதாக இருப்பதும் சீருடை அழகாக இருப்பதும் இவற்றில் எதையும் சொல்லாது.

மானியம் வாக்களிக்கப்பட்ட பிறகும் குறையலாம். குவாசுலு-நட்டாலில் இது நடந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக்கு இவ்வளவு கிடைக்கும் என்று மாநிலக் கல்வித் துறை தனியார் பள்ளிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்தது. ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போது 30 சதவீதம் வரை குறையலாம் என்றது. பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம், குறைப்பை அறிவிப்பதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய தவணையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிந்தைய தவணைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மானியத்தை நம்பி நடக்கும் பள்ளியில் இப்படி ஒரு பள்ளம் விழுந்தால், கூடுதல் தொகை கேட்டு வீட்டுக்குத்தான் கடிதம் வரும்.

ஆகவே தனியார் பள்ளியில் கையெழுத்துப் போடுமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழின் நகல், மானியம் கிடைக்கிறதா, எந்த மானியப் படி, பதிவுத் தொகை, டெபாசிட், புத்தகம், கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு, மானியம் குறைந்தால் கட்டணம் நடு ஆண்டில் ஏறுமா, பிள்ளையை எடுக்க எத்தனை மாத முன்னறிவிப்பு, பள்ளியே தரும் பர்சரி (படிப்பு உதவித்தொகை) உண்டா, அதற்குக் கடைசி நாள் எது. முன்னறிவிப்பு பெரும்பாலும் ஒரு முழுப் பள்ளித் தவணையாக (டெர்ம்) இருக்கும். வேலை போய்ப் பிள்ளையை எடுத்துவிட்டாலும் அந்தத் தவணைக் கட்டணத்தைக் கேட்பார்கள். 

பர்சரி என்பது தனியார் பள்ளியின் விருப்பம். கீழே வரும் சட்டக் கட்டண விலக்கு தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வேலை செய்யும் நிறுவனம் வழியாக ஒரு சிறிய வாசல் உண்டு. முதலாளி உங்கள் பிள்ளைக்குப் பர்சரி கொடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லாமல் இருக்க முடியும். 2018 மார்ச்சில் வந்த வரம்புப்படி, உங்கள் ஆண்டுச் சம்பளம் 600,000 ராண்டுக்குள் இருந்தால் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ராண்ட் வரை. ஆனால் அது உங்கள் சம்பளத்தையே குறைத்துத் தரும் பர்சரியாக இருக்கக்கூடாது; 2021 மார்ச் முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். மற்றபடி, சாதாரணப் பள்ளிக் கட்டணத்தைப் பெற்றோர் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இடமில்லை.

கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி: விலக்கு பெறுவது எப்படி

இதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய உதவி. பள்ளிகள் சட்டத்தின் 39 முதல் 41 வரையான பிரிவுகளும், 2006 அக்டோபரில் வந்த கட்டண விலக்கு விதிகளும் இதற்கு அடிப்படை. பள்ளி அலுவலகத்தில் ‘ஃபீ எக்ஸெம்ப்ஷன் ஃபார்ம்’ என்று கேளுங்கள். முடிவெடுப்பது தலைமையாசிரியர் அல்ல, பெற்றோர் பிரதிநிதிகள் உள்ள பள்ளி நிர்வாகக் குழு, அதாவது ‘கவர்னிங் பாடி’. விண்ணப்பத்தை அதன் தலைவர் பெயருக்கு எழுத வேண்டும்.

முதலில், கணக்கே போடாமல் முழு விலக்கு கிடைப்பவர்கள் யார் என்று பாருங்கள். பிள்ளையின் பேரில் அரசு உதவித்தொகை வாங்குபவர். வளர்ப்புப் பராமரிப்பிலோ இல்லத்திலோ வைக்கப்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பானவர். பெற்றோரை இழந்த அல்லது பெற்றோர் கைவிட்ட, வேறு ஆதரவில்லாத பிள்ளையை வளர்க்கும் உறவினர். பெரியவர்கள் இல்லாமல் தானே குடும்பத்தைத் தாங்கும் பிள்ளை.

பேரப்பிள்ளையை வளர்க்கும் ஆயாவும் தாத்தாவும் இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். அரசு உதவித்தொகைகளை வழங்கும் முகமையான சாசாவில் அவர்கள் வாங்கும் முதியோர் பென்ஷன் பிள்ளையின் பேரில் வரும் உதவி அல்ல. அதைக் காட்டி இந்தத் தானியங்கி விலக்கைக் கேட்க முடியாது. பிள்ளையின் பேரில் குழந்தை உதவித்தொகை வருகிறதா என்பதே கேள்வி. 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. வருமான வரம்பு அதன் பத்து மடங்கு: அப்போது தனியாக வளர்ப்பவருக்கு மாதம் 5,600, மணமானவர்களுக்கு இருவருக்கும் சேர்த்து 11,200. இந்த வரம்புக்குள் இருந்தும் சாசாவில் பதியாமல் இருக்கும் குடும்பம், பள்ளிப் படிவத்துக்கு முன் சாசாவுக்குப் போவதே மேல். மாதத் தொகையும் வரும், கட்டண விலக்குக்கான சான்றும் கையில் இருக்கும்.

மற்றவர்களுக்குக் கணக்கு. பள்ளியின் ஆண்டுக் கட்டணத்தையும், அந்தப் பள்ளியில் பிள்ளை படிப்பதற்காகவும் அதன் நிகழ்ச்சிகளில் சேர்வதற்காகவும் நீங்கள் பள்ளிக்குக் கட்டும் கூடுதல் தொகைகளையும் கூட்டுங்கள். அதை நூறால் பெருக்கிப் பெற்றோர் இருவரின் ஆண்டு மொத்த வருமானத்தால் வகுங்கள். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2க்குக் கீழே என்றால் கணக்குப்படி விலக்கு இல்லை. இடையில் இருந்தால் விதிகளில் உள்ள அட்டவணை பார்த்துப் பகுதி விலக்கு. கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளில் உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ அந்த அளவுக்கு விலக்கும் கூடும். பிள்ளைகள் வெவ்வேறு பள்ளியில் இருந்தாலும் எல்லாரையும் படிவத்தில் எழுதுங்கள்.

ஒரு பள்ளியில் கட்டணம் 18,000, கூடுதல் 2,000, ஆக 20,000 ராண்ட். பெற்றோர் இருவரும் சேர்ந்து மாதம் 16,000 சம்பாதிக்கிறார்கள், ஆண்டுக்கு 192,000. விடை 10.4. முழு விலக்கு. வசதியான பகுதியின் பள்ளி என்பதால் நமக்கு எட்டாது என்று விலகிப் போகும் குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கட்டணம் கூடக் கூட விலக்குக்கான வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொரு குடும்பம்: கட்டணமும் கூடுதலும் சேர்ந்து 6,000, மாத வருமானம் 12,000, ஆண்டுக்கு 144,000. விடை 4.2 அளவு. அட்டவணையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது: கட்டணம் 3,000, மாத வருமானம் 13,000, ஆண்டுக்கு 156,000. விடை 1.9, கதவு மூடியதுபோல் தெரியும். ஆனால் தமிழ் வகுப்புக்கோ சுற்றுலாவுக்கோ கணினிக்கோ பள்ளி தனியாக வாங்கிய 240 ராண்டையும் சேர்த்தால் 2.08, அட்டவணைக்குள் வந்துவிடுகிறார்கள். தள்ளுபடி எவ்வளவு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கூடுதல் தொகைக்கான ரசீதுகளை ஜனவரியிலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள். பெரும்பாலான படிவங்களில் அந்த இடம் காலியாகவே விடப்படுகிறது.

கணக்கில் வராதவர்களுக்கும் பகுதி விலக்கு கிடைத்தும் கட்ட முடியாதவர்களுக்கும் ‘கண்டிஷனல்’ விலக்கு உண்டு. வேலை போனது, நோய், குடும்பத்தில் மரணம், வீடு எரிந்தது போன்ற, தங்கள் கையில் இல்லாத நிலைமைகளை எழுதிச் சான்றோடு கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழு நிபந்தனையோடு விலக்கு தரலாம். இதைப் பள்ளிகள் தாமாகச் சொல்வது குறைவு. நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிரிந்து வாழும் தாய்மார்களுக்கு இது மிக முக்கியம். விண்ணப்பத்தில் இரு பெற்றோர் வருமானமும் வேண்டும். முன்னாள் கணவர் சம்பளத் தாள் தர மறுப்பார். பள்ளி விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். வெஸ்டர்ன் கேப்பில் இப்படி ஒரு தாய் தொடுத்த வழக்கில், மற்றவர் தகவல் தர மறுத்தாலும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்குக் கண்டிஷனல் விலக்கு தரலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரிடம் தகவல் கேட்டு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றை அச்செடுத்து இணையுங்கள். கேட்டீர்கள், கிடைக்கவில்லை என்பது தாளில் தெரிய வேண்டும்.

தாள்கள்

அடையாள அட்டை நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அண்மைய மூன்று மாதப் பேஸ்லிப், மூன்று மாத வங்கி அறிக்கை, மற்றப் பிள்ளைகளின் கட்டணச் சீட்டு, கூடுதல் தொகை ரசீதுகள். சாசா உதவி இருந்தால் அதன் கடிதம். வேலை போயிருந்தால் யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) தாள். விதவையென்றால் இறப்புச் சான்றிதழ், மணமுறிவென்றால் நீதிமன்ற ஆணை. சந்தையில் விற்பவர், வீட்டில் தைப்பவர், சமைத்து விற்பவர் என்று பேஸ்லிப் இல்லாதவர்கள் மாதச் சராசரி வருமானத்தை எழுதி அஃபிடவிட் கொடுக்கலாம். போலீஸ் நிலையத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை. உறுதி செய்யும் அதிகாரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

விண்ணப்பங்கள் விழும் இடங்கள் பெரும்பாலும் இவையே. படிவத்தில் கைக்கு வரும் சம்பளத்தை எழுதிவிடுகிறார்கள். கேட்பது பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். பேஸ்லிப்போடு ஒத்துப்போகாத எண்ணைப் பார்த்ததும் மறைக்கிறார்கள் என்று குழு நினைத்துவிடுகிறது. வங்கி அறிக்கையில் அண்ணன் அனுப்பிய பணமும், கோயில் விழாவுக்குப் பலரிடம் சேர்த்துப் போட்ட பணமும் வருமானமாகப் படிக்கப்படும்; அந்த வரிகளுக்கு எதிரே பேனாவால் குறித்து, தனித்தாளில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். பீக் சீசனில் ஓவர்டைம் வந்த மூன்று மாதத்தை இணைத்தால் ஆண்டு வருமானம் கூடுதலாகத் தெரியும். அப்போது முதலாளி வரிக் கணக்குக்காகத் தரும் ஐஆர்பி5 தாளையும் சேருங்கள். அது முழு ஆண்டையும் காட்டும்.

கொடுப்பதும் காலக்கெடுவும்

எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, உங்கள் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ‘ஃபார்ம் தீர்ந்துவிட்டது’, ‘மார்ச்சோடு முடிந்துவிட்டது’, ‘இந்தப் பள்ளியில் அதெல்லாம் இல்லை’ என்று வாயால் சொல்லப்படும் எதுவும் முடிவல்ல. படிவம் தராவிட்டால் அதே விவரங்களைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். பிரின்சிபால் உதவி செய்யக் கடமைப்பட்டவர். ஆங்கிலப் படிவம் புரியாவிட்டால் அவரிடமே கேட்கலாம். குழுவின் முன் நேரில் பேச விரும்பினால் அதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நிர்வாகக் குழுவில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்ற கூச்சத்தால் பலர் விண்ணப்பிப்பதில்லை. உங்கள் சம்பள விவரத்தை அவர்கள் வெளியே பேசக்கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

விண்ணப்பம் கிடைத்து 30 நாளுக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்த 7 நாளுக்குள் எழுத்தில், காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநிலக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். கெடு உங்களுக்குத் தெரிவித்த நாளிலிருந்து ஓடுகிறது. ஆகவே கடிதம் வந்த தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள். குவாசுலு-நட்டாலில் தலைமை அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். சாட்ஸ்வொர்த் பள்ளிகள் உம்லாசி மாவட்டத்தின் கீழும், ஃபீனிக்ஸ் பள்ளிகள் பைன்டவுன் மாவட்டத்தின் கீழும் வருகின்றன; மேல்முறையீட்டின் நகலை மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குவது நல்லது.

மேல்முறையீட்டுக் கடிதம் நீளமாக வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி. விண்ணப்பம் கொடுத்த தேதி. குழுவின் முடிவும் அது வந்த தேதியும். உங்கள் கணக்கு, எண்களோடு. குழு எதைப் பார்க்கத் தவறியது. பழைய விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகலை இணையுங்கள். ஒரு பக்கம் போதும்.

பள்ளி செய்யக்கூடாதவை

கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது. பதிவுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், இடம் பிடித்து வைக்க டெபாசிட் என்று எதையும் வாங்கக்கூடாது. பெற்றோர் கூட்டம் தீர்மானித்த பள்ளிக் கட்டணம் மட்டுமே. கட்டணம் பாக்கி என்று வகுப்பிலிருந்து வெளியே நிறுத்துவது, மற்றப் பிள்ளைகள் முன் பெயர் வாசிப்பது, விளையாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் சேர்க்காதது, ரிப்போர்ட்டையும் மாற்றுச் சான்றிதழையும் பிடித்து வைப்பது ஆகிய எல்லாவற்றையும் 41ஆம் பிரிவு தடுக்கிறது. ஆண்டு முடிவில் ரிப்போர்ட் வராமல் அழும் பிள்ளையைப் பார்த்து நகையை அடகு வைக்க ஓடும் தாய்மார்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரின்சிபாலுக்கு அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம், நகல் மாவட்ட அலுவலகத்துக்கு. பெரும்பாலும் அதற்கு மேல் போக வேண்டியிருக்காது.

கடனை வசூலிக்கப் பள்ளி வழக்குப் போடலாம். ஆனால் உங்களுக்கு விலக்கு பொருந்துமா என்று பார்த்த பிறகுதான். விண்ணப்பிக்காதவருக்கு அறிவிப்பைக் கையிலோ பதிவுத் தபாலிலோ கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான். நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டணக் கடனுக்காகப் பறிமுதல் செய்யவும் முடியாது. வசூல் நிறுவனம் போன் செய்தால், விலக்கு விண்ணப்பம் கொடுத்த தேதியைச் சொல்லி எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கடனை ஒப்புக்கொள்ளும் தாள் எதிலும் விண்ணப்பம் முடிவாகுமுன் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டபின் பேசுவது கடினம்.

பள்ளிகள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விலக்கால் குறையும் தொகையை அரசு முழுதாக ஈடுகட்டுவதில்லை. நான்காம், ஐந்தாம் படிப் பள்ளிக்கு அரசு தரும் தொகையும் குறைவு. நிர்வாகக் குழுவே சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள் கட்டணத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். சில பள்ளிகளில் தமிழ் ஆசிரியரும் அவர்களில் ஒருவர். ஆகவே சண்டைக்காரராகப் போகாமல், எண்களோடும் தாள்களோடும் போங்கள். ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். உண்மையில் கட்ட முடிந்தவர் ஏய்ப்பதும் முடியாதவர் கேட்காமல் கடனில் மூழ்குவதும் பள்ளிக்கு ஒரே அளவு கேடு.

வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், சிறு பிள்ளைகள்

குழந்தை உதவித்தொகை குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதிகள் ஆகியோருக்கு மட்டுமே. வேலை விசாவில் இருப்பவருக்கு அது கிடைக்காது. ஆனால் வருமானக் கணக்கு வழியாக வரும் கட்டண விலக்கு ‘பெற்றோர்’ யார், வருமானம் என்ன என்பதைத்தான் பார்க்கிறது. குடியுரிமையை வைத்து வகுத்ததல்ல. தாள் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 2019 டிசம்பரில் மகாண்டா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

‘பெற்றோர்’ என்ற சொல்லில் ஒரு கண்ணி உண்டு. சட்டப்படி, பிள்ளையின் பள்ளிப் படிப்புப் பொறுப்பை ஏற்பதாக ஒப்புக்கொள்பவரும் ‘பெற்றோர்’ ஆகிவிடுகிறார். ஊரிலிருந்து வந்த தம்பி மகனைச் சேர்க்கப் படிவத்தில் கையெழுத்திடும் பெரியப்பா கட்டணத்துக்கும் பொறுப்பாகலாம். கையெழுத்திடுமுன் அந்த வரியைப் படியுங்கள். விலக்கு விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளின் தனியார் மையங்களுக்கும் மானியம் மையத்துக்குத்தான் போகிறது. பல ஆண்டுகள் பிள்ளை ஒருவருக்கு நாளுக்கு 17 ராண்டாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 24 ஆக உயர்த்தினார்கள். மையம் பதிவானதா, மானியம் பெறுகிறதா என்று கேட்டுச் சேருங்கள்.

ஆண்டு நாள்காட்டி

கட்டணத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் கூட்டம். அரசுப் பள்ளியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் இந்தக் கூட்டம் வழக்கமாக அதற்கு முந்தைய மாதங்களில் நடக்கும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்தே வரவு செலவுத் திட்டத்தைப் பள்ளியில் போய்ப் பார்க்கலாம். வந்திருந்து வாக்களிக்கும் பெற்றோரில் பெரும்பான்மையே முடிவு. தீபாவளி வேலையில் இருக்கும் மாதங்களாக இருந்தாலும் போக வேண்டிய கூட்டம் இது, ஏனென்றால் விலக்குக்கான அளவுகோலும் அதே தீர்மானத்தில்தான் வருகிறது.

ஒரு முறை கிடைத்த விலக்கு அந்த ஆண்டுக்குத்தான். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில், பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே மறுபடி விண்ணப்பியுங்கள். நடுவில் வேலை போனால் அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காமல் அப்போதே எழுதுங்கள். நிலைமை மேம்பட்டால் அதையும் தெரிவியுங்கள்.

வழி தெரியாமல் நின்றுவிட்டால் இலவசமாகக் கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. லீகல் எய்ட் அலுவலகம், டர்பனில் மனித உரிமை ஆணையத்தின் கிளை, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம், சட்ட உதவி அமைப்புகளான ஈக்வல் எஜுகேஷன் லா சென்டர், செக்‌ஷன் 27. எங்கே போனாலும் முதலில் கேட்பது முத்திரையிட்ட அந்த விண்ணப்ப நகலைத்தான்.